கலிஸ்த் தீவு வங்கியின் இரண்டு சாவிகள்

கலிஸ்த் தீவு
4 ஜூன் 1958

சொலாஞ்சுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. உன் அக்கா எர்மீன்தான் எழுதுகிறேன். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு உனக்கு நான் சொல்லும் முதல் வார்த்தை "கிழிக்காதே" என்று ஆகிவிட்டது. போகட்டும்.

போன கப்பலில் உன்னைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். நான் வங்கி வாசல் சவுக்கு மரத்தடியில் நின்றேன். நீ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கூப்பிட்டிருப்பேன். கூப்பிட்டிருந்தால் அன்றைக்கே வங்கி வாசல் மணியை எவனாவது அடித்திருப்பான், "ரெண்டு சாவி வீடும் பேசிக்கிடுச்சு" என்று. அதனால் வாயை மூடிக்கொண்டு மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். விதி என்ன சொல்கிறது? லரோஸ் வீட்டு அடுப்பில் சாப்பிடுகிறவர்களும் பொத்தேன் வீட்டு அடுப்பில் சாப்பிடுகிறவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. அவ்வளவுதானே? நீ இப்போது பெரிய தீவில் ஆஸ்பத்திரிக் கஞ்சி குடிக்கிறாய். உன் சாவி உன் புருஷனின் அண்ணன் எவரிஸ்த்தின் இடுப்பில் தொங்குகிறது. அப்படியானால் நீ இப்போது எந்த வீட்டுக்காரி? யாருடைய வீட்டுக்காரியும் இல்லை. என் தங்கச்சி, அவ்வளவுதான்.

வங்கியில் காசாளர் அனாதோலிடம் கேட்டேன். "அனாதோல், ஆஸ்பத்திரிக் கஞ்சி எந்த வீட்டு அடுப்புல சேரும்?"

தலையைச் சொறிந்தார். "அம்மா, எனக்குக் காசு எண்ணத் தெரியும். கஞ்சியைப் பத்தியெல்லாம் என்னைக் கேக்காதீங்க."

"கூடாதுன்னு விதியில இருக்கா?"

"கஞ்சின்னே ஒரு வார்த்தை கிடையாது."

அது போதும் எனக்கு. வங்கித் தபாலோடு இதையும் சேர்த்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். நீயும் அவர் பெயருக்கு வரும் தபாலோடு சேர்த்தே அனுப்பு.

எவரிஸ்த்தைப் பற்றிக் கவலைப்படாதே. ஊரே பயந்தது, கள்ளுக்காக மூச்சு விடுகிற மனுஷன் கையில் சாவியா என்று. ஆனால் காலையில் தலையைப் படியச் சீவிக்கொண்டு, சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு வருகிறார். நான் மேல் பூட்டைத் திறந்துவிட்டு மரத்தடிக்கு வந்ததும் அவர் போய்க் கீழ்ப் பூட்டைத் திறக்கிறார். கை நடுங்குகிறது. ஆனாலும் திறந்துவிடுகிறார்.

டாக்டர் என்ன சொன்னார்? எழுது. எழுத மனசில்லை என்றால் வெறும் காகிதத்தையாவது மடித்து அனுப்பு. உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன்.

எர்மீன்


பெரிய தீவு, அரசு ஆஸ்பத்திரி
29 ஜூன் 1958

மதிப்பிற்குரிய எர்மீன் லரோஸ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

என் வயிற்றில் இருப்பது கல் என்று சொல்கிறார்கள். பித்தப்பையில். அடுத்த மாதம் அறுத்து எடுப்பார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது.

அடுப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் நம் அப்பா சாகக் கிடந்தபோது நான் லரோஸ் வீட்டு முற்றத்தில் மழையில் நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது. அப்பாவின் கால் தெரிந்தது. இன்னும் இரண்டு எட்டு வைத்தால் முகம் தெரிந்திருக்கும். அப்போது ஒரு கை வந்து ஜன்னலைச் சாத்தியது. அது தங்கள் கை. இந்தக் கடிதத்தை எழுதிய அதே கை.

அன்று நான் எந்த வீட்டு அடுப்பில் சாப்பிட்டிருந்தேன் என்று யாராவது கேட்டீர்களா? அப்பாவுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டதிலிருந்து நான் எந்த அடுப்பிலும் சாப்பிடவில்லை. அந்த நியாயம் அன்று தங்களுக்குத் தோன்றவில்லை. நான் சாகப் போகிறேனோ என்று பயம் வந்ததும்தான் தோன்றியிருக்கிறது.

நான் ஃபபியேன் பொத்தேனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அது என் குற்றம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு அது குற்றமாகத் தெரியவில்லை, தெரியுமா? லரோஸ் வீட்டுப் பெண் ஓடிப்போய்விட்டாள், இனி இரண்டு வீடும் ஏழு தலைமுறைக்கு முகம் பார்க்காது, வங்கி பத்திரம் என்று சந்தோஷப்பட்டார்கள். எங்கள் கல்யாணத்துக்கு மறுநாள் வங்கியில் பணம் போட வரிசை நின்றது. என்னை வாழ்த்த யாரும் வரவில்லை, பணம் போட வந்தார்கள். ஆறு வருஷத்துக்கு முன் ஃபபியேனைக் கடல் கொண்டுபோனதும் அவர் சாவியை என் இடுப்பில் கட்டினார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் தங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். தங்கள் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இங்கே கஞ்சியில் உப்பு அதிகம். சொல்ல வேறு ஆள் இல்லாததால் தங்களுக்கு எழுதுகிறேன்.

சொலாஞ்ச் பொத்தேன்


கலிஸ்த் தீவு
20 ஜூலை 1958

சொலாஞ்ச்,

"தங்கள்", "அவர்கள்" எல்லாம் யாரடி சொல்லிக்கொடுத்தது உனக்கு? உன் மூக்கைத் துடைத்துவிட்டவள் நான். தோள் இறங்கியிருக்கிறதாம். உன்னைத் தூக்கிச் சுமந்துதான் இறங்கியது.

ஜன்னலைச் சாத்தியது நான்தான். மன்னிப்புக் கேட்பேன் என்று பார்க்கிறாயா? கேட்க மாட்டேன். சாத்தச் சொன்னது அப்பா.

நீ முற்றத்தில் வந்து நின்றது அவருக்குத் தெரியும். உன் காலடி அவருக்குத் தெரியாதா? அறைக்குள் பாதிரியார் இருந்தார், அனாதோல் இருந்தார், கடைக்கார செலியாவின் அப்பன் கண்ணை உருட்டிக்கொண்டு நின்றான். சாவி அப்பாவின் கைக்குள் இருந்தது, இன்னும் என்னிடம் தரவில்லை. என்னைக் கிட்டே கூப்பிட்டுச் சொன்னார், "எர்மீன், அவ மூஞ்சியப் பாத்தேன்னா பேசிடுவேன். சாத்திடும்மா."

அந்த வருஷம் எப்படிப்பட்ட வருஷம் என்று உனக்கு மறந்துவிட்டதா? புயல் அடித்துத் தென்னை எல்லாம் போய், கொப்பரை விற்ற காசு மட்டும்தான் மிச்சம், அத்தனையும் வங்கியில். ஒரு வார்த்தை வெளியே வந்திருந்தால் மறுநாள் எல்லோரும் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். படகு கட்டக் கடன் கொடுக்க ஒரு காசு இருந்திருக்காது. அப்பா சாகும்போதும் அதைத்தான் நினைத்தார். எனக்கு அவர் மேல் அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் சாத்தினேன்.

சாத்திய பிறகு நடந்தது உனக்குத் தெரியுமா, தெரியாதா? அப்பா கத்த ஆரம்பித்தார். மூச்சே இல்லாத மனுஷனுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ. நாயைப் பார்த்துக் கத்தினார். "ஏ நாயே! மழையில நிக்காதே! வீட்டுக்குப் போ! போய் ஏதாவது தின்னு! உன் மேல எனக்குக் கோபம் இல்ல, போ!"

நாய் கட்டிலுக்கு அடியில் காய்ந்த சாக்கில் படுத்திருந்தது. மழையில் நின்றது நாயா?

செலியாவின் அப்பன் பாதிரியாரைப் பார்த்தான். பாதிரியார் நாயைப் பார்த்தார். நாயோடு பேசக் கூடாது என்று விதியில் இல்லை.  நீ போகிறவரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நீ போனதும் நிறுத்திவிட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

கஞ்சியில் உப்பு அதிகமானால் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக்கொள். இதுகூடத் தெரியாதா?

எர்மீன்


பெரிய தீவு
14 ஆகஸ்ட் 1958

அக்கா,

நாயைத்தான் திட்டுகிறார் என்று நினைத்தேன். பதினொரு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் வெளியே நிற்கிறாள், இந்த மனுஷன் நாயோடு சண்டை போடுகிறாரே என்று அழுதுகொண்டு போனேன். நேராக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், தெரியுமா? சுறாத் துவையலும் சோறும். ஏன் சாப்பிட்டேன் என்று எனக்கே புரியாமல் இருந்தது. இப்போது புரிகிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழுத அழுகையில் தையல் பிரிந்துவிடும் என்று தாதி திட்டினாள். ஆமாம், அறுத்துவிட்டார்கள். கல்லைக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். கொண்டைக்கடலை அளவு. பிழைத்துக்கொண்டேன், அக்கா.

பக்கத்துக் கட்டிலில் ஒடெத் என்று ஒரு பெண். அவள் புருஷன் இந்த ஊர்ப் பெரிய வங்கியில் அதிகாரி. அவரிடம் நம் வங்கியைப் பற்றிச் சொன்னேன். முதலில் சிரித்தார். நம் வங்கிக்குக் கதவு பலாமரத்தில் செய்தது, காவலுக்கு ஆள் கிடையாது, துப்பாக்கி கிடையாது என்றதும் ஒடெத்துக்குத் தையல் வலிக்கும் அளவுக்குச் சிரிப்பு.

ஆரம்பித்த வருஷமே இரண்டு சாவியும் உயிருக்கு உயிரான இரண்டு மச்சான்களிடம் இருந்ததையும், இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் பெட்டியோடு படகேறிப் போனதையும் சொன்னேன். அப்புறம் ஊர் கூடி யோசித்தது. சேர்ந்து திருட முடியாத இரண்டு பேர் யார்? பன்றிக்காக ஒருவன் பல்லை ஒருவன் உடைத்துக்கொண்ட லரோஸும் பொத்தேனும். அவர்கள் கையில் சாவியைக் கொடுத்து, இனிமேல் நீங்கள் சமாதானமாகவே கூடாது என்று சத்தியம் வாங்கினார்கள்.

"அந்தப் பன்றி என்ன ஆச்சு?" என்று கேட்டார் அவர்.

"ஊர்க்கூட்டத்துல சமைச்சுச் சாப்பிட்டாங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. பெரும்புயலில் கூரை போனபோது நம் தாத்தாவும் ஃபபியேனின் தாத்தாவும் இடுப்பளவு தண்ணீரில் பணப்பெட்டியின் மேல் முதுகோடு முதுகு சாய்ந்து மூன்று நாள் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். ஒருவர் தூங்கினால் மற்றவர் முதுகால் இடித்து எழுப்பினார்களாம், வாயால் கூப்பிடாமல். போர்க்காலத்தில் கப்பல் வராமல் போய்க் காசு தீர்ந்தபோது பாய்த் துணியைக் கிழித்து இரண்டு சாவியையும் மையில் தோய்த்துப் பதித்து அதையே ரூபாயாக நடத்தியதைச் சொன்னேன். போர் முடிந்ததும் ஒரு துண்டு குறையாமல் அத்தனையும் திரும்பி வந்தது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே உடம்பு சிலிர்த்தது. அதற்குள்ளேயே வளர்ந்தவள் நான், ஆனால் ஒரு தடவைகூட முழுசாக வாய்விட்டுச் சொன்னதில்லை. நம் ஊரில் யாருக்குச் சொல்வது?

நடக்க முடிந்ததும் அவர் வண்டியில் கூட்டிப்போய்த் தன் வங்கியைக் காட்டினார். பளிங்குத் தரை. இரும்புக் கதவு. துப்பாக்கியோடு நான்கு பேர். மூன்று சாவியாம், மூன்று அதிகாரிகளிடம்.

"அவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசுவாங்களா?" என்று கேட்டேன்.

"பேசாம? தினமும் ஒண்ணாத்தான் சாப்பிடுவோம்."

அக்கா, எனக்குப் பயமாகிவிட்டது. இந்த ஊர்க்காரர்கள் எப்படித் தூங்குகிறார்கள்?

திரும்பி வரும்போது அவர் கேட்டார். "உங்க ஊருக்குக் காவல் செலவு கிடையாது. அந்தச் செலவை யார் கொடுக்கிறாங்க?" எனக்குப் பதில் தெரிந்திருந்தது. உனக்கும் தெரியும், அக்கா.

சொலாஞ்ச்


கலிஸ்த் தீவு
6 செப்டம்பர் 1958

அடி பைத்தியமே,

உனக்குக் கல்லை எடுக்கும்போது மூளையையும் சேர்த்து எடுத்துவிட்டார்களா? அனாதோல் பெயருக்கு அனுப்பு என்றால், உறைமேல் கொட்டை எழுத்தில் "என் அக்கா எர்மீனுக்கு" என்று எழுதி அனுப்பியிருக்கிறாய்! அனாதோல் காய்ச்சலில் படுத்திருந்தார். தபால் மூட்டையைப் பிரித்தவள் கடைக்கார செலியா. வேறு யாராவது என்றாலும் பரவாயில்லை.

"அக்கான்னு எழுதியிருக்கா. அக்காவாம்!" என்று உறையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து வந்து என் கையில் கொடுத்தாள். உறையைப் பிரிக்காமல் ஒட்டியபடியே கொடுத்தாள், அதையும் சொல்ல வேண்டும். பின்னாலேயே பாதி ஊர்.

மறுநாள் காலை நான் மேல் பூட்டைத் திறக்கப் போகும்போது வரிசை சவுக்கு மரத்தைத் தாண்டிக் கடற்கரை வரைக்கும் நின்றது. முதல் ஆள் செலியா.

"என் பணத்தக் கொடுங்க. நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி ஆயிட்டீங்க. நல்லா இருங்க. என் பணம் என் மெத்தைக்குள்ள இருக்கட்டும்."

"நான் ஆஸ்பத்திரியில கிடக்கிறவளுக்கு நலம் விசாரிச்சு எழுதினேன், அது தப்பா?"

"மொதல்ல நலம் விசாரிப்பீங்க. அப்புறம் கறி கொடுத்து அனுப்புவீங்க. அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணா படகேறுவீங்க. எங்க பாட்டன் பாத்திருக்கான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவள் சொன்னதும் நியாயம்தான். அந்த விதியை நம்பித்தானே நாமும் இருக்கிறோம்.

அனாதோல் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு ரூபாயையும் இரண்டு தடவை எண்ணினார், கீழே போட்டுப் பொறுக்கினார், எண்ணிக்கை மறந்துவிட்டது என்று மறுபடி ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு ஆறேழு பேருக்கு மேல் கொடுக்கவில்லை. எவரிஸ்த் வரிசையில் நிற்பவர்களுக்குச் சீமைப்பலா சுட்டுக்கொண்டு வந்து கொடுத்தார், சாப்பிடுகிற நேரமாவது கழியட்டும் என்று. கள்ளைத் தொட்டுப் பார்க்கவில்லை இந்த மனுஷன். நான் மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நன்றி சொல்ல வாய் துடித்தது. முடியாதே.

ஆனால் இப்படி எத்தனை நாள் ஓடும்? பெட்டியில் இருந்ததில் முக்கால்வாசி போய்விட்டது. மீதிப் பணமெல்லாம் படகாகவும் வலையாகவும் கடலில் கிடக்கிறது. அரசாங்க ஆள் எழுதிவிட்டான், அக்டோபர் கடைசிக்குள் வரிசை நிற்காவிட்டால் வங்கியை மூடிக் கடன்படகை எல்லாம் ஏலம் விடுவேன் என்று. ஏலம் எடுக்கப் பெரிய தீவுக் கம்பெனிக்காரன் தயாராக இருக்கிறான். அப்புறம் நம் ஆட்கள் அவனுக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. நீ அக்டோபர் கப்பலில் வா. ஊரே துறைக்கு வரும். நானும் வருவேன். இறங்கினதும் என்னோடு சண்டை போடு. திட்டுவதைப் பேச்சுக் கணக்கில் யாரும் சேர்க்க மாட்டார்கள். சாதாரணச் சண்டை போதாது. ஜன்னலைச் சொல். அப்பாவைச் சொல். என் மூக்கைச் சொல், அது எல்லோருக்கும் தெரிந்த மூக்கு. ஃபபியேனை நான் சபித்தேன் என்று சொல், பொய்யானாலும் பரவாயில்லை. நானும் விட மாட்டேன், புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள் என்று சொல்லப் போகிறேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், அது என் மனசிலிருந்து வராது. வாயிலிருந்து மட்டும்தான் வரும்.

எர்மீன்


பெரிய தீவு
28 செப்டம்பர் 1958

அக்கா,

உறையைப் பற்றி என்ன சொல்வேன்? "அக்கா" என்று எழுதி எவ்வளவு நாள் ஆகிவிட்டது. பேனாவை எடுத்தால் கை அதைத்தான் எழுதுகிறது. உள்ளே எழுதியது போதாதென்று வெளியிலும் எழுதிவிட்டது. இதை அனாதோல் பெயருக்கே அனுப்புகிறேன், மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன்.

ஒன்று யோசித்தேன். என் சாவியை வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் என்ன? நீ லரோஸ் சாவியை வைத்துக்கொள், நான் வெறும் சொலாஞ்சாக உன் வீட்டில் வந்து உட்கார்ந்து பேசுகிறேன். எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்று படுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தேன். உன்னோடு பேசாத வீடு எது? செலியா காலையில் சண்டை போடுவாள், மத்தியானம் உன்னிடமே தேங்காய் கடன் வாங்குவாள். பாதிரியார் எல்லோரோடும் பேசுவார். அக்கா, நம் ஊரில் உன்னோடு பேசாதவர்கள் நாங்கள் மட்டும்தான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இது எவ்வளவு பெரிய விஷயம் என்று. கல்லும் இரும்பும் இல்லாமல், நம் இரண்டு வீட்டு வாயை மூடியே எழுபது வருஷமாக ஒரு வங்கி நிற்கிறது. அறுநூறு பேருடைய படகும் கூரையும் பிள்ளைகளின் கல்யாணமும் அதன் மேல் நிற்கிறது. அதை உடைத்தது நான் உறைமேல் எழுதிய ஒரு வார்த்தை. 

வருகிறேன். சண்டை போடுகிறேன். ஆனால் எனக்குக் கோபம் வர மாட்டேன் என்கிறது. உன் மேல் இருந்த கோபத்தையெல்லாம் அந்த நாய் கொண்டுபோய்விட்டது. ஒடெத்தைத் திட்டிப் பழகிப் பார்த்தேன். "இவ்வளவு மெதுவாத் திட்டினா யாரும் பணம் போட மாட்டாங்க" என்று சொல்கிறாள்.

நான் திட்டும்போது என் கண்ணைப் பார்க்காதே. அது மட்டும் செய்.

சொலாஞ்ச்


கலிஸ்த் தீவு, அனாதோல் வீடு
18 அக்டோபர் 1958, சனிக்கிழமை

அக்கா,

கெடுத்துவிட்டேன்.

படகிலிருந்து இறங்கும்போது முதல் வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன். உன் மூக்கில் ஆரம்பிப்பதாக இருந்தது. துறை முழுக்கத் தலைகள். ஒரு குழந்தைகூட அழவில்லை. நீ முன்னால் நின்றாய், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு. நான் உன்னைப் பார்த்தேன். எவ்வளவு இளைத்துவிட்டாய்! வாயைத் திறந்தால் "ஏன் இப்படி இளைச்சிட்டே" என்றுதான் வந்திருக்கும். வந்தே இருக்கும், நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டேன். குனிந்துகொண்டு உன் பக்கத்தில் நடந்து போனேன். உன் பாவாடை என் கையில் பட்டது. நிற்காமல் போய்விட்டேன்.

நீயும் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? நீயாவது திட்டியிருக்கலாமே.

பொத்தேன் வீட்டுக்கு இன்னும் போகவில்லை, அந்த அடுப்பில் சாப்பிட்டுவிட்டால் உனக்கு எழுத முடியாதே. அனாதோலின் மனைவி பருப்பும் சோறும் போட்டாள். எவரிஸ்த் வந்து வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனார். திங்கட்கிழமை காலை சாவியை வாங்கிக்கொள்ளச் சொன்னார். திங்கட்கிழமை திறக்க வங்கி இருக்குமா? எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள், யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

என்னால்தான் எல்லாம் போயிற்று.

சொலாஞ்ச்


கலிஸ்த் தீவு
19 அக்டோபர் 1958, ஞாயிற்றுக்கிழமை

சொலாஞ்ச்,

முதலில் அழுகையை நிறுத்து. ஒன்றும் போகவில்லை.

நான் ஏன் திட்டவில்லை என்று கேட்டாய். உனக்காக இரண்டு வாரமாகச் சேர்த்துவைத்த திட்டு அத்தனையும் நீ கிட்டே வந்ததும் மறந்துபோயிற்று. உன் பெட்டியைத் தூக்க ஆள் இல்லையே, தையல் வலிக்குமே என்றுதான் நினைத்தேன். வாய் திறந்தபடியே நின்றது, ஒன்றும் வரவில்லை. நீ போன பிறகும் அப்படியே நின்றேன். கடைசியில் எவரிஸ்த்தான் ஆடு ஓட்டுவதைப் போலச் சத்தம் போட்டு என்னை வீட்டுப் பக்கம் நகர்த்தினார்.

இன்று பூசை முடிந்து நான் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் செலியா. கையில் துணிப்பை. எடுத்துக்கொண்டு போன பணம், மெத்தை நாற்றத்தோடு. அவளுக்குப் பின்னால் தெரு கொள்ளாத கூட்டம், எல்லோர் கையிலும் ஒரு பை.

"என்ன, இன்னும் எடுக்கணுமா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"போடணும்" என்றாள்.

"எதுக்கு? நாங்கதான் சமாதானம் ஆயிட்டோமே. சண்டை போடக்கூட வக்கில்லாம நின்னோமே."

செலியா என்னை முறைத்தாள். "எர்மீன், எங்களை என்ன முட்டாள்னு நினைச்சியா? நீங்க ரெண்டு பேரும் ஒருத்திய ஒருத்தி வெறுக்கிறீங்கன்னு இந்த ஊர்ல எவ நம்பினா? அவளுக்கு வயித்து வலி வந்த வாரம் நீ உப்புக்குப் பதிலா சர்க்கரை வாங்கிட்டுப் போனே. அவ புருஷன் செத்த அன்னைக்கு நீ சாத்தின கதவை மூணு நாள் திறக்கல. எல்லாம் எங்களுக்குத் தெரியும். பாசம் இருக்கிறது பயமில்ல. அந்தக் கடிதாசியப் பாத்ததும், இனிமே இவளுக வாயை அடக்க மாட்டாளுகன்னு பயந்தோம். நேத்து பாத்தோம். செத்துப் பிழைச்சு வந்தவ, அக்காவப் பாத்து ஒரு வார்த்தை சொல்லாம நடந்து போனா. அக்கா வாயைத் திறந்துகிட்டு ஒரு வார்த்தை சொல்லாம நின்னா. எங்களுக்காக. எங்க பணத்துக்காக. சண்டை போட்டிருந்தீங்கன்னா நடிக்கிறீங்கன்னு தெரிஞ்சிருக்கும்."

சொல்லிவிட்டுப் பையை வாசல் திண்ணையில் வைத்தாள். 

அப்புறம் வரிசையில் இருந்த கிழவர் ஒருவர் சொன்னார். "இன்னைக்கு ஒரு நாள் நீங்க பேசுங்கம்மா. நாங்க வங்கிய பாத்துக்கிறோம்."

எனக்குப் புரியவில்லை. "எப்படிப் பாத்துப்பீங்க?"

"உக்காந்து பாத்துப்போம்."

சொலாஞ்ச், அனாதோல் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் உனக்கும் தெரியும். ஊரே வங்கியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. பாயும் பானையுமாக வந்துவிட்டார்கள். கைக்குழந்தைகள், நடக்க முடியாதவர்கள், பாதிரியார், எல்லோரும். நடுவில் ஒரு மேசை போட்டு, அதன் மேல் என் சாவியும் உன் சாவியும். எவரிஸ்த் அதற்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அறுநூறு பேர், இரண்டு பெண்கள் பேசிக்கொள்வதற்காகக் காவல் இருக்கிறார்கள். சாயங்கால மணி அடிக்கும் வரைக்கும். நாளைக்குக் காலையில் நீ சாவியை வாங்கிக்கொள்வாய், நான் முன்னால் நடப்பேன், பழையபடி. அடுத்த வருஷம் இப்படி இன்னொரு நாள் கொடுப்பார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் மேல் பூட்டைத் திறக்கப் போன அத்தனை காலையிலும் அந்தக் கதவைப் பெரிய விஷயமாக நினைத்ததில்லை. இன்றைக்கு வாசலில் நின்று இந்தக் கூட்டத்தைப் பார்த்தபோது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பேய்க்கணவாய்க் கறி கொதிக்கிறது. பால் ஊற்றின வாழைப்பழமும் இருக்கிறது. உன் வயிற்றுக்கு ஆகுமா என்று தெரியவில்லை, வந்து சொல்.

நானே அங்கே வந்திருக்கலாம். இரண்டு தடவை தெருவில் இறங்கித் திரும்பிவிட்டேன். உன் முகத்துக்கு நேராக முதல் வார்த்தையை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இதை வாங்கிக்கொண்டு போக அனாதோல் வாசலில் நிற்கிறார். "அம்மா, வெயில் ஏறுது, பகல் முழுக்க எழுதியே கழிக்கப் போறீங்களா?" என்று திட்டுகிறார்.

பத்தொன்பது வருஷம், ஒரு பகல். எழுதியது போதும். வாடி.

எர்மீன்